திருமணத்துக்கு எட்டு வாரம் இருக்கையில் முகத்தை எப்படிக் கவனிப்பது?

கேள்வி: எனக்கு 27 வயது. இன்னும் எட்டு வாரத்தில் திருமணம். கன்னத்திலும் தாடையிலும் பருக்கள் வருகின்றன. பழைய பருக்கள் இருந்த இடமெல்லாம் கருந்திட்டுகளாக நிற்கின்றன. தோழி கொடுத்த க்ரீம் ஒன்றை மூன்று மாதமாக இரவில் பூசி வருகிறேன். முதல் வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆனது. ஆனால் இப்போது ஒருநாள் பூசாவிட்டாலும் முகம் சிவந்து எரிகிறது. திருமணத்துக்கு முந்தைய வாரம் பீலிங் செய்துகொள்ளும்படியும், முந்தைய நாள் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்ளும்படியும் அழகு நிலையத்தில் சொல்கிறார்கள். இதற்கு முன் நான் சாயம் பூசியதில்லை. இவற்றைச் செய்துகொள்ளலாமா?

பதில்: பீலிங் வேண்டாம். சாயம் பூசுவதென்றால் திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே பூசிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் இவ்விரண்டையும்விட என்னை அதிகம் கவலைப்படுத்துவது, நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்த இரவு க்ரீம்தான்.

சில நாள்களிலேயே முகத்தைப் பளிச்சிட வைத்து, ஒருநாள் நிறுத்தினாலும் சிவந்து எரியச் செய்யும் க்ரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று குழாயின் மீதோ அட்டையின் மீதோ இருக்கிறதா என்று பாருங்கள். அழற்சியைத் தணிக்கவும் இரத்தக் குழாய்களைச் சுருக்கவும் வல்ல இந்த மருந்துகள் தோல் நோய்களுக்கு மிகவும் பயன்படுபவை. மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு மட்டும் பூசும்போது பாதுகாப்பானவையும்கூட. ஆனால் முகத்தோல் மெல்லியது என்பதால், வாரக்கணக்கில் பூசினால் அது மேலும் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பு இழைகளாக வெளியே தெரியத் தொடங்கும், பூனைமுடி வளரும், ஒரே அளவிலான சிறுசிறு பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். உங்கள் பருக்களில் ஒரு பகுதி அந்த க்ரீமாலேயே வந்ததாக இருக்கலாம் என்பதே என் ஐயம். குழாயில் உட்பொருள்களின் பட்டியலே இல்லையென்றால் இன்னும் கூடுதலாக அஞ்ச வேண்டும். நிறத்தை வெளிறச் செய்யும் இத்தகைய க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது, அது தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஆகவே இந்த வாரமே அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால், மாதக்கணக்கில் பூசியதைத் திடீரென்று நிறுத்தும்போது முகம் வீங்கிச் சிவந்து பருக்கள் பெருகக்கூடும். அதைத் தணிக்க வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக விடச் செய்வதும், டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைத் தருவதும் உண்டு. பாதரசம் இருக்கலாம் என்று தெரிந்தால் படிப்படியாக விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே நிறுத்திவிட வேண்டும். இந்தச் சிவப்பு முழுவதும் அடங்கச் சிலருக்கு மாதங்களும் ஆகும் என்பதால், திருமணம் முடியும்வரை பூசிக்கொண்டு பிறகு விட்டுவிடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பூசும் நாள்கள் கூடக்கூட விடுவதும் கடினமாகும்.

பருக்களுக்கும் கருந்திட்டுகளுக்கும் எட்டு வாரம் நிறையக் காலம் அல்ல, ஆனால் பயனுள்ள காலம். அடபலீன், பென்சாயில் பெராக்ஸைடு போன்ற பரு மருந்துகள் முழுப் பயன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். முதல் சில வாரங்களில் தோல் வறண்டு உரிவதும் இயல்பு. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் உங்கள் முகத்தில் இவற்றை இன்றே பூசத் தொடங்கினால் நிலைமை மோசமாகும். எரிச்சல் தணியும்வரை மிதமான முகக் கழுவி, வாசனையில்லாத ஈரப்பத க்ரீம், சன்ஸ்க்ரீன் ஆகிய மூன்றே போதும். அதன்பின் பருவையும் கருந்திட்டையும் சேர்த்துக் கவனிக்க அசெலாயிக் அமிலக் க்ரீம் உங்களுக்குப் பொருந்தலாம். திருமணத்தை நெருங்கும் பெண்களிடம் நான் தவறாமல் கேட்கும் ஒன்றையும் இங்கே கேட்டுவிடுகிறேன்: விரைவில் குழந்தை பெறும் எண்ணம் உண்டா? கர்ப்ப காலத்தில் அசெலாயிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம்; அடபலீன், டிரெட்டினாயின் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அது கருவில் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் என்பதால், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கருத்தரிக்கவே கூடாது. இதை மருத்துவரிடம் வாய்விட்டுப் பேசத் தயங்க வேண்டாம்.

பருக்களைக் கிள்ளாதீர்கள். கிள்ளிய இடத்தில் அழற்சி ஆழமாகி, அதன் தடமாகக் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இது இன்னும் அழுத்தமாகவே விழும். திட்டுகள் மங்க வேண்டுமானால் பகலில் சன்ஸ்க்ரீன் கட்டாயம். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கினால் வரும் அளவு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் கருந்திட்டுகளை அடர்த்தியாக்கும் என்பதால், இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த, நிறமூட்டிய சன்ஸ்க்ரீன் உங்களுக்குக் கூடுதல் நன்மை தரும்.

பீலிங் என்பது அமிலத்தால் தோலின் மேலடுக்கை உரியச் செய்யும் சிகிச்சை. இளவயதில் தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். லேசான பீலிங் செய்தால்கூடச் சில நாள்கள் செதில் செதிலாக உரியும். அந்த உரியும் தோலின் மீது ஒப்பனை படியாது, திட்டுத் திட்டாகத் தெரியும். ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் அது புண்ணாகிப் புதிய கருமையைக் கொண்டுவரவும் கூடும். தோல் முழுவதும் தேறிய பிறகு, திருமணம் முடிந்து சில மாதங்கள் கழித்துத் தோல் மருத்துவரிடமே செய்துகொள்ளலாம்.

தலைமுடிச் சாயங்கள் பலவற்றில் பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாராஃபினைலீன்டைஅமின் இருக்கிறது. இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூசிய உடனே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சந்தலையும் நெற்றியும் அரித்து, கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். முந்தைய நாள் பூசினால் அந்த வீக்கம் திருமண நாளன்றே வந்து நிற்கும். அதிலும் முதன்முறை பூசுபவரின் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு எதிர்வினை காட்ட ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கலாம். ஆகையால் சாயம் வேண்டுமென்றால், அதே சாயத்தைச் சிறிதளவு முழங்கை மடிப்பில் வைத்து, பெட்டியில் உள்ள குறிப்பின்படி 48 மணி நேரம் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் திருமணத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பாகப் பூசிக்கொள்ளுங்கள். கண், உதடு வீங்கினாலோ மூச்சு விடச் சிரமமானாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதுவுமே முகத்தைத் தொடக்கூடாது: புதிய ஃபேஷியல், ப்ளீச், புதிய சோப்பு, இலவசமாக வந்த மாதிரிப் பொட்டலம் உட்பட. த்ரெட்டிங் செய்வதென்றால் மூன்று, நான்கு நாள் முன்பாகவே முடித்துவிடுங்கள். வாக்சிங்கை முகத்தில் தவிர்ப்பதே நல்லது. அடபலீன் பூசிய தோலில் மெழுகை இழுத்தால் மேல்தோலும் கூடவே வந்துவிடும். இத்தனை கவனத்துக்குப் பிறகும் கடைசி நேரத்தில் பெரிய பரு ஒன்று வந்துவிட்டால் அழ வேண்டாம். தோல் மருத்துவர் அதனுள் மிகச் சிறிய அளவு டிரையாம்சினலோன் மருந்தை ஊசியாகச் செலுத்தினால் இரண்டு, மூன்று நாளில் அமுங்கிவிடும். அந்த இடத்தில் சிறு குழி விழும் வாய்ப்பு உண்டு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

ஒப்பனைக் கலைஞரைக் கொண்டு மூன்று வாரம் முன்பாக ஒத்திகை பாருங்கள். அன்று பூசும் ஃபவுண்டேஷனும் ஒட்டு இமைமுடிக்கான பசையும் திருமண நாளன்று பூசப்போகும் அதே பொருள்களாக இருக்க வேண்டும். சில மணி நேரம் வைத்திருந்து, அடுத்த இரண்டு நாள்கள் தோல் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அன்றே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பதும் நல்லது, ஏனெனில் துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டைஆக்ஸைடும் அதிகமுள்ள சன்ஸ்க்ரீனும் பவுடரும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி முகத்தைச் சாம்பல் பூசியதுபோல் காட்டும். லிப்ஸ்டிக்கும் மஸ்காராவும் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். பலருக்கும் பயன்படுத்திய லிப்ஸ்டிக் வழியே உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமி தொற்றக்கூடும், மஸ்காரா வழியே கண் தொற்று பரவக்கூடும்.

காண்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால் கையைக் கழுவி, ஒப்பனைக்கு முன்பே அணிந்துகொள்ளுங்கள். இரவில் ஒப்பனையைக் கலைப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவு ஒப்பனையோடு உறங்காதீர்கள். ஒட்டு இமைமுடியைப் பிய்த்து இழுக்காமல், எண்ணெய் கலந்த ஒப்பனை நீக்கியைப் பஞ்சில் நனைத்துச் சிறிது நேரம் மூடிய இமையின் மேல் வைத்திருந்தால் பசை தானாக இளகும். மறுநாள் காலையில் கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினால் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாமல், லென்ஸையும் அணியாமல், அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.