கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதே! – கணினி கேள்வி-பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். முதல் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் அதற்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொண்டேன்.

ஐயா, எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மகனுக்காக வாங்கிய கம்ப்யூட்டரின் கேபினட்டில் கை பட்டால் சுரீர் என்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. கம்ப்யூட்டரில் கோளாறா?
– குடியாத்தம் வாசகி

அம்மா, கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டு எர்த் இணைப்பில்தான் இருக்கும்.

கேபினட்டின் பின்பக்கம், மின்சார வயர் செருகும் இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறதல்லவா, அதுதான் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்து மதர்போர்டுக்குத் தருவது அதன் வேலை. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக அதன் வாசலிலேயே இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸ் கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே, மற்றொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவே. இவற்றின் வழியே கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கசியும். நல்ல எர்த் இருந்தால் அது நேராக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக வழியின்றி கேபினட்டிலேயே நின்று, 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட் வரை காட்டும். உங்கள் டெஸ்டர் எரிவது அதனால்தான். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் இப்போதைக்குச் சுரீர் என்பதோடு நிற்கிறது.

ஆனால் நாளை உள்ளே இன்சுலேஷன் கெட்டு, பேஸ் கம்பி நேரடியாகக் கேபினட்டைத் தொட்டால்? முழு 230 வோல்ட்டும் உங்கள் மகன் கையில் இறங்கும். எர்த் சரியாகும்வரை அந்தக் கணினியைத் தயவுசெய்து போடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவுகளைக் காட்டச் சொல்லுங்கள். பேஸ்–நியூட்ரல் 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள். பேஸ்–எர்த் அளவு ஏறுமாறாக இருந்தால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டின் மேல் துளைக்குக் கம்பியே இழுக்கவில்லை. பழைய வீடுகளில் இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் அவர் செய்ய விடாதீர்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, "எர்த் வந்துவிட்டது" என்று சொல்லும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மீட்டரும் அதைச் சரி என்றே காட்டும், சுரீரென்பதும் நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால், அந்த நொடியே கேபினட்டில் முழு மின்சாரமும் ஏறிவிடும். சாக்கெட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிடுங்கள்.

எர்த் குழி இருக்கிறதென்றால் அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. கவுண்டன்ய நதியே வறண்டு கிடக்கும் கத்திரி வெயிலில் உங்கள் குழி மட்டும் ஈரமாக இருக்குமா? குழியே இல்லையென்றால் செலவைப் பார்க்காமல் தோண்டிவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மெயின் போர்டில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பின் இருப்பது உயிரைக் காக்கத்தான்.

பயன்படுத்திய லேப்டாப் ஒன்று வாங்கினேன். 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் திறந்து முடிப்பதில்லை. கடையில் ரேமைக் கூட்டச் சொல்கிறார்கள். சரியா?
– கல்லூரி மாணவர், ஆற்காடு

பணத்தைக் கொடுக்கும் முன் நீங்களே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறும் நேரத்தில் அதில் மெமரி, டிஸ்க் என்ற இரண்டு அளவுகளையும் கவனியுங்கள். மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்.

ரேம் என்பது கணினி இந்த நிமிடம் வேலை செய்துகொண்டிருப்பவற்றை வைத்திருக்கும் இடம். மின்சாரம் போனால் அதிலிருப்பதும் போய்விடும். ஹார்டு டிஸ்க்கில் எழுதியது மின்சாரம் போனாலும் நிற்கும். ஆனால் அதற்குள் தகடுகள் சுழல வேண்டும், லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. படிக்கும் முனையும் அங்குமிங்கும் நகர வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வேண்டும். சிதறிக் கிடக்கும் கோப்புகளை அதனால் நொடிக்கு நூறு தடவை அளவுக்குத்தான் எடுத்துத் தர முடியும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்புச் சாதனத்தில் அசையும் பாகமே கிடையாது. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும்.

4 ஜிபி இன்றைக்குப் போதாது என்பதும் உண்மை. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி வைக்கிறது. அந்த டிஸ்க்கும் மந்தமாக இருந்தால் எல்லாம் ஸ்தம்பித்துவிடும். ஆகவே முதலில் எஸ்.எஸ்.டி., அடுத்து கையில் பணம் வரும்போது ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். வாங்கும்போது உங்கள் லேப்டாப்பின் ரேம் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்குங்கள். வெட்டுப் பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அழுத்திச் செருகினால் மதர்போர்டுதான் போகும். சில லேப்டாப்களில் ரேமைப் போர்டோடு பற்ற வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள். யூ.எஸ்.பி. உறை ஒன்று வாங்கிப் பொருத்தினால் பாடங்களைச் சேமிக்க உதவும்.

1 டிபி என்று வாங்கிய டிஸ்க் 931 ஜிபி என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஆம்பூர் வாசகர்

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்குகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டும். ஆனால் 1 டிபியில் 931-ஐவிட வெகுவாகக் குறைந்திருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

எங்கள் தோல் மண்டியில் புது லேசர் பிரிண்டர் வாங்கினோம். கணக்குப்பிள்ளை மட்டும் பழைய டாட் மேட்ரிக்ஸை விட மாட்டேன் என்கிறார். அந்தச் சத்தத்தை எத்தனை நாள் தாங்குவது?
– வாணியம்பாடி வாசகர்

உங்கள் கணக்குப்பிள்ளை பக்கம்தான் நான். டாட் மேட்ரிக்ஸின் தலையில் 9 அல்லது 24 ஊசிகள் இருக்கின்றன. அவை ரிப்பனைத் தாளின் மேல் அடித்து எழுத்தைப் பதிக்கின்றன. அடி விழுவதால் கீழே கார்பனோடு இருக்கும் தாள்களிலும் அதே எழுத்து விழும். சரக்குக்கான ஜிஎஸ்டி பில் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு அசல், லாரிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. லாரி வாசலில் நிற்கும்போது ஒரே அடியில் மூன்றும் வருவது எவ்வளவு வசதி! லேசர் பிரிண்டர் டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டுகிறது. அதற்கு அடி கிடையாது. எனவே மூன்று தடவை அச்சிட வேண்டும். கடிதங்களுக்கு லேசர், பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மங்கினால் ரிப்பனை மாற்றுங்கள். அதன் மேல் கண்ட மையைத் தடவினால் ஊசிகள் அடைத்துக்கொள்ளும். தாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நகர்த்த ஓரத்தில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. கடைசிப் பிரதி தெளிவாக விழவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டரையும் செருகினால் பிரிண்ட் கொடுக்கும்போதெல்லாம் கத்துகிறது. பேட்டரி மாற்றி ஒன்றரை வருடம்தான் ஆகிறது.
– ஜெராக்ஸ் கடை, காட்பாடி

600 வி.ஏ. என்று எழுதிய யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டரின் சூட்டு உருளை காயும் தருணத்தில் அதைவிட அதிகம் இழுக்கும். பிரிண்டரைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். யு.பி.எஸ்.ஸில் கணினியும் மானிட்டரும் மட்டும் போதும்.

யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்கும் நேரத்தைத் தருவதுதான் அதன் பொறுப்பு. கரண்ட் போன பிறகும் வாடிக்கையாளருக்கு வேலை செய்துகொடுக்க அதை நம்பாதீர்கள். இத்தகைய பேட்டரிக்கு 25 டிகிரிதான் உகந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தின் வெப்பக் காற்று படாத இடத்துக்கு யு.பி.எஸ்.ஸை நகர்த்துங்கள். பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது. குப்பையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பட்டுச்சேலை ஜக்கார்டு டிசைன்களைப் பென் டிரைவில் போட்டு வெளியே கொடுக்கிறேன். அங்கே போய்ப் பார்த்தால் சில சமயம் கோப்பு திறப்பதில்லை.
– ஆரணி வாசகர்

திரையில் "காப்பி முடிந்தது" என்று வந்த பிறகும் கடைசிப் பகுதி ரேமில் காத்திருக்கக்கூடும். அப்போது பிடுங்கினால் கோப்பு அரைகுறையாகிவிடும். பென் டிரைவின் விளக்கு சிமிட்டுவது நிற்கட்டும், பிறகு எஜெக்ட் கொடுத்து எடுங்கள். பல நாள் உழைத்த டிசைனைப் பென் டிரைவில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு வாங்க வேண்டுமா?
– வாலாஜாப்பேட்டை வாசகர்

வேண்டாம். எந்த விசையை அழுத்தினீர்கள் என்ற எண்ணை மட்டுமே கீபோர்டு அனுப்புகிறது. அது தமிழ் "அ"வா ஆங்கில "ஏ"வா என்பதை முடிவு செய்வது மென்பொருள். தமிழ்நாடு அரசு 1999-இல் அறிவித்த தமிழ்99 முறையைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடக்கை விரல்களிலும் மெய்கள் வலக்கை விரல்களிலும் அமைவதால் சீக்கிரம் கைவந்துவிடும். பழகும்வரை ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.

கணினியைத் திறந்தால் தேதி பல வருடம் பின்னால் போகிறது. இணையத்தில் எதைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை" என்கிறது. வைரஸா?
– திருப்பத்தூர் வாசகி

மதர்போர்டில் காசு போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இணையதளங்கள் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினியின் தேதி அதற்கு வெளியே இருப்பதால் நம்ப மறுக்கிறது. கடையில் சி.ஆர்.2032 என்று கேளுங்கள், 3 வோல்ட், வாட்ச் கடையிலும் கிடைக்கும். வயரைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி பொருத்தி, தேதியைச் சரிசெய்தால் போதும்.

கண்ணாடி மேசையில் மவுஸ் நகரவே மாட்டேன் என்கிறது.
– ராணிப்பேட்டை வாசகர்

மவுஸின் அடியில் உள்ள சென்சார் மேசையை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டே நகர்வை அறிகிறது. தெளிந்த கண்ணாடியில் ஒப்பிட அதற்கு ஒன்றும் அகப்படாது. ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் வைத்து நகர்த்துங்கள், ஓடும்.