இனத்துக்கு மதிப்பெண் உண்டா? – வேலைத் தேர்வு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறோம். இருபது பேர் கொண்ட அணியில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கும் கறுப்பினப் பெண்ணுக்கு ஐந்து மதிப்பெண் கூட்டிப் போட்டால் தவறா?

பதில்: தவறுதான். அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களில் இனத்தைப் பார்த்து ஆளை எடுப்பதையும் தடுக்கிறது, தவிர்ப்பதையும் தடுக்கிறது. வெள்ளையருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. பெரும்பான்மையினர் வழக்குத் தொடுத்தால் கூடுதலாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் ஒருமனதாகத் தீர்ப்பும் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றுக்கு ‘இந்த வேலைக்கு இது இன்றியமையாத தகுதி’ என்று காட்டி விலக்குக் கேட்க இடமிருக்கிறது. இனத்துக்கு அந்த விலக்கு சட்டத்திலேயே இல்லை.

தனியார் நிறுவனங்கள் தாமாக முன்வந்து வகுக்கும் திட்டங்களை, கடும் நிபந்தனைகளோடு அனுமதித்த 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. ஆனால் வழக்கறிஞர் துணையின்றி அதை நம்பி இறங்குவது ஆபத்து.

இறுதிச் சுற்றில் கைவைப்பதைவிட முதல் படியைப் பாருங்கள். விளம்பரம் எங்கே போகிறது? ‘தெரிந்தவர் மூலம்’ எத்தனை பேர் வருகிறார்கள்? வேலைக்குத் தேவையே இல்லாத பட்டம் கேட்கிறீர்களா? 1971-இல் டியூக் பவர் என்ற மின் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இதில்தான். பள்ளி இறுதிச் சான்றிதழும் பொதுத் தேர்வுகளும் அந்த வேலைகளைச் செய்யும் திறனோடு தொடர்புடையவை என்று அந்த நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. ஆனால் அந்த நிபந்தனைகள் கறுப்பினத்தவரைப் பெருமளவில் வெளியே நிறுத்தின.

கேள்வி: இனத்தைப் பார்க்கக் கூடாது, சரி. அந்த இனத்தில் பிறந்ததால் ஒருவர் பட்டு உணர்ந்ததையுமா பார்க்கக் கூடாது?

பதில்: பார்க்கலாம், ஆனால் அது வேலைக்கான திறனாக மாறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதிலேயே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதினால், அதில் வெளிப்படும் துணிவையோ தலைமைப் பண்பையோ மதிக்கலாம். கட்டுரை என்ற பெயரில் இனத்தையே பின்வாசலால் கொண்டுவரக் கூடாது என்றார். அது கல்லூரிகளுக்கான தீர்ப்பு. ஆனாலும் வேலைத் தேர்வில் நம்மை நாமே சோதித்துக்கொள்ள நல்ல அளவுகோல்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். சுகாதாரத் துறையை நம்பாத ஒரு பகுதிக்குக் களப்பணியாளர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் போடுவதற்கு முன்பே, தேவையான ஐந்து திறன்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று முடிவுசெய்துவிடுங்கள். அதில் ஒன்று ‘நம்பிக்கை இழந்தவர்களிடம் நம்பிக்கையைப் பெறுதல்’. அதற்கான கேள்வி: “ஓர் அமைப்பை நம்ப மறுத்தவர்களோடு நீங்கள் பழகிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். தயக்கத்துக்கு என்ன காரணம் என்று கண்டீர்கள், என்ன செய்தீர்கள், என்ன மாறியது?” எல்லோரிடமும் இதே சொற்களில் கேளுங்கள். அந்தச் சந்தர்ப்பம் வேலையில் நடந்ததாக இருக்கலாம், வீட்டிலோ தெருவிலோ நடந்ததாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டறிவு உள்ளவருக்கு அது போதும், அவரே சொல்வார்.

மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரை. பொதுப்பேச்சு மட்டும் என்றால் 1. குறிப்பான ஒரு தடையும், தான் எடுத்த ஒரு நடவடிக்கையும் சொன்னால் 3. காரணத்தைக் கண்டறிந்து, தன் அணுகுமுறையை மாற்றி, விளைவையும் காட்டினால் 5. மூன்று பேர் தேர்வு செய்தால் மூவரும் தனித்தனியே மதிப்பெண்ணை எழுதி முடித்த பிறகே பேச வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வாய் திறப்பவரின் மதிப்பெண்ணே மற்ற இருவரின் மதிப்பெண்ணாகிவிடும்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அந்தப் பகுதியில் பத்தாண்டு வேலை பார்த்த வெள்ளையினச் செவிலியர் 5 வாங்க முடிய வேண்டும். வசதியான புறநகரில் வளர்ந்து இப்படி யாரோடும் பழகாத கறுப்பின இளைஞர் 2 வாங்கவும் முடிய வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவே நடக்காது என்றால், நீங்கள் அளப்பது தோலின் நிறத்தைத்தான்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று: “நீங்கள் சந்தித்த இனப் பாகுபாட்டைச் சொல்லுங்கள்.” காயத்தைத் திறந்து காட்டுபவருக்கு மதிப்பெண், மறைத்துவைப்பவருக்குப் பூஜ்யம் என்றாகிவிடும். நன்றாகக் கதை சொல்பவர் ஜெயிப்பார். அதைவிட மோசம், தேர்வாகாதவர் ‘என் இனத்தைக் கேட்டார்கள், பிறகு நிராகரித்தார்கள்’ என்று வழக்குப் போட அந்தக் கேள்வியே சான்றாகும்.

போதை மீட்பு மையங்களில் தாமே அதிலிருந்து மீண்டவர்களைத் துணைப் பணியாளர்களாக எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அனுபவமே வேலையின் சாரம் என்பதால் அதை வெளிப்படையாகத் தகுதியாக்குகிறார்கள். கணக்காளர் வேலைக்கு அந்த வாதம் செல்லாது. பட்டறிவுக்கு எவ்வளவு எடை என்பதை வேலைதான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: பிரிட்டனில் சட்டம் இளகியது என்கிறார்களே?

பதில்: ஓரளவுக்கு. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு, இருவர் ‘சமமான தகுதி’ உடையவர்களாக இருக்கும்போது, குறைவாக இடம்பெற்றுள்ள பிரிவினரைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், இதையே நிரந்தரக் கொள்கையாக வைக்கக் கூடாது. இங்கிலாந்தின் செஷையர் காவல்துறை சறுக்கியது ‘சமம்’ என்பதில். நேர்காணலில் தேறிய அத்தனை பேரையும் சமமானவர்கள் என்று எடுத்துக்கொண்டது. அப்படிக் கருத முடியாது என்று 2019-இல் தீர்ப்பாயம் சொன்னது. தேர்ச்சி மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லோரும் சமமாகிவிட மாட்டார்கள்.

கேள்வி: விண்ணப்பத்தில் பெயரை மறைத்துவிட்டால் போதாதா?

பதில்: பெயரால் பாகுபாடு நடப்பது உண்மை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், ஒரே மாதிரியான விண்ணப்பங்களில் வெள்ளையினப் பெயர் இருந்தால் அழைப்பு சுமார் 50 சதவீதம் அதிகமாக வந்தது. ஆனால் பிரான்சில் பெயரை மறைத்துச் செய்த சோதனையில், குடியேறிகளின் வழிவந்தவர்களுக்கு வாய்ப்பு குறைந்துபோனது! அந்தச் சோதனைக்குத் தாமாக வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே பரிவோடு பார்த்தவை. பெயர் மறைந்ததும் பரிவும் மறைந்தது. விண்ணப்பத்தில் தெரிந்த வேலை இடைவெளிகளுக்கான காரணமும் தெரியாமல் போயிருக்கலாம். முதல் வடிகட்டலுக்கு மட்டும் பெயரை மறையுங்கள். அதையே முழுத் தீர்வாக நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: இனத்தை எங்குமே பார்க்காவிட்டால், பாகுபாடு நடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: தேர்வு செய்பவர் கண்ணில் படக் கூடாது, கணக்குப் பார்ப்பவர் கையில் இருக்க வேண்டும். இன விவரத்தைத் தனிப் படிவத்தில், விரும்பினால் மட்டும் நிரப்பும்படி வாங்கி, நேர்காணல் குழுவுக்குத் தராமல் வைத்திருங்கள். அமெரிக்காவில் 1978 முதல் புழங்கும் ‘ஐந்தில் நான்கு’ கணக்கு இது: 80 வெள்ளையர் விண்ணப்பித்து 40 பேர் தேறினால் 50 சதவீதம். 60 கறுப்பினத்தவரில் 18 பேர் தேறினால் 30 சதவீதம். முப்பதை ஐம்பதால் வகுத்தால் 0.6 வரும். ஐந்தில் நான்கு, அதாவது 0.8-க்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். எழுத்துத் தேர்வில் 0.95, நேர்காணலில் 0.6 என்று வந்தால் கோளாறு எந்த அறையில் என்று தெரிந்துவிடும். ஐந்தாறு பேர்தான் விண்ணப்பித்தார்கள் என்றால் இந்தக் கணக்கு ஏமாற்றும், இரண்டு மூன்று ஆண்டு விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

குறை தெரிந்தால் கேள்வியைத் திருத்துங்கள், அளவுகோலைத் திருத்துங்கள். தேறியோர் பட்டியலைத் திருத்தாதீர்கள்.

கேள்வி: பட்டறிவையும் மதித்து எடுத்த ஒருவர் எட்டே மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். ஏன்?

பதில்: வேலை விவரத்தை எடுத்துப் பாருங்கள். பன்முகத்தன்மைக் குழு, புதியவர்களுக்கு வழிகாட்டுதல், விளம்பரப் படம் என்று அதில் இல்லாத வேலைகள் எத்தனை அவர் தலையில் ஏறின? அவர் பட்டறிவு நிறுவனத்துக்குத் தேவை என்றால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி, அந்த அளவுக்கு மற்ற வேலையைக் குறைத்து, ஆண்டு மதிப்பீட்டிலும் சேருங்கள். இல்லையென்றால் எந்த வேலைக்கு எடுத்தீர்களோ அதை மட்டும் செய்யவிடுங்கள்.