கணினிக் கேள்வி–பதில்: புள்ளிக் கணக்குக்கு எந்தத் தரவுத்தளம்?

கேள்வி: எங்கள் ஊர் நகரத்தார் சங்கத்தில் ஏறக்குறைய 900 புள்ளிகள் (மணமான ஒவ்வோர் ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி) இருக்கின்றன. புள்ளிப் பதிவேடு, புள்ளிவரி ரசீது, கோயில் கட்டளைக் கணக்கு ஆகிய மூன்றையும் எக்செல் கோப்புகளில் வைத்திருக்கிறோம். சங்கக் கட்டடத்தில் மூன்று கணினிகள் உள்ளன. செயலாளர் சென்னையிலிருந்து அவ்வப்போது பார்க்க வேண்டும். சென்ற திருவிழாவின்போது காசாளரும் எழுத்தரும் ஒரே கோப்பின் இரு பிரதிகளில் தனித்தனியே எழுதியதால், பின்னால் சேமித்தவரின் பிரதி நிலைத்து, மற்றவர் எழுதிய ஒரு நாள் ரசீதுகள் முழுவதும் மறைந்துவிட்டன. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் வாங்கலாம் என்கிறார் ஒருவர். இலவச மென்பொருளே போதும் என்கிறார் இன்னொருவர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஒரு வட்டிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாள், அடுத்தாள், பையன் ஆகிய மூவரும் பேரேட்டை மாற்றி மாற்றித் தம் இடத்துக்கு எடுத்துச் சென்று எழுதிக்கொண்டு வந்தால், உங்களுக்கு நேர்ந்ததுதான் அங்கும் நேரும். மாறாக, பெட்டியடியில் (பணப்பெட்டி இருக்கும் இடத்தில்) ஒருவர் அசையாமல் அமர்ந்திருக்க, மற்றவர்கள் வரவையும் செலவையும் அவரிடம் சொல்ல, பேரேட்டில் அவர் மட்டுமே எழுதுவார் என்றால், எத்தனை பேர் சொன்னாலும் ஏடு ஒன்றாகவே இருக்கும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருள்களை இந்த ஒரு கேள்வியை வைத்தே பிரித்துவிடலாம்: ஏடு கைமாறுகிறதா, அல்லது செய்தி மட்டும் போய் வருகிறதா?

அக்சஸ் முதல் வகையைச் சேர்ந்தது. ஒரு கோப்பில் 2 ஜிபி வரை வைக்கலாம், 255 பேர் வரை திறக்கலாம் என்று அதன் வரையறை சொல்கிறது. 900 புள்ளிகளுக்கு அது தாராளம். ஆனால் ஒவ்வொரு கணினியும் பகிர்ந்த கோப்பை வலைப்பின்னல் வழியே நேரடியாகத் தொட்டு எழுதுவதால், எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே சிதைந்துபோகக்கூடும். உங்கள் சங்கம் பழைய வீட்டில் இயங்குமானால் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள்; முகப்பில் வைத்த வைஃபை அந்தச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததை நான் கண்டதில்லை. எஸ்கியூலைட் என்னும் இலவசத் தரவுத்தளம் மிக நேர்த்தியான மென்பொருள்தான் என்றாலும், அதுவும் ஒரே கோப்பு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்ற கட்டுப்பாடு உடையது. அதைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்துப் பல கணினிகளிலிருந்து எழுதுவதை அதை உருவாக்கியவர்களே பரிந்துரைப்பதில்லை.

பெட்டியடி வகையைச் சேர்ந்தவை போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை. எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு, 2022ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி என்ற எல்லையோடு வருகிறது; உங்களுக்கு அது ஒரு பொருட்டன்று. மைஎஸ்கியூஎல் 2010இல் ஆரக்கிளின் கைக்குப் போனது. அந்த மாற்றத்தை எதிர்பார்த்து, அதை முதலில் எழுதியவரே 2009இல் பிரித்தெடுத்து வளர்த்ததுதான் மரியாடிபி. இவற்றுள் எதை எடுத்தாலும் உங்கள் வேலை நடக்கும். என்னைக் கேட்டால் போஸ்ட்கிரெஸ் என்பேன். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த அது எந்த ஒரு நிறுவனத்துக்கும் உடைமையன்று. உரிமக் கட்டணம் இல்லை. ஒருவர் எழுதும்போது படிப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டே பிறகு பேரேட்டில் ஏற்றுவதால், மின்சாரம் பாதியில் போனாலும் பாதி ரசீது பதிவாகி நிற்பதில்லை. அதற்காக யூபிஎஸ் வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

மென்பொருளைவிட, அதற்குள் நீங்கள் வரையப்போகும் அட்டவணைகளே எனக்குக் கவலை தருகின்றன. உங்கள் பதிவேட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பதிவு என்றிருந்தால் முதலில் அதைக் கலைத்துவிடுங்கள். மகனுக்குத் திருமணம் ஆனதும் அவர் தனிப் புள்ளியாகிறார். வீடு அதே வீடு, புள்ளிவரியோ இரண்டாகிறது. ஆகவே புள்ளிக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, ரசீதுக்கு ஓர் அட்டவணை என்று வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் பொருளற்ற ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணால் மட்டுமே அவற்றை இணைக்க வேண்டும். பாட்டனார் பெயரையே பேரனுக்கு இடும் வழக்கம் உள்ள ஊரில் பெயரை அடையாளமாக வைப்பது பிழைக்கு வழி. குடும்ப விலாசத்தின் (முன்னோர் பெயர்களின்) முன்னெழுத்துகளைச் சேர்த்தாலும் ஒரே விலாசத்தில் ஒரே பெயருடைய இருவர் இருக்கத்தான் செய்வார்கள். பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) வீடுகளில் ஒருவருடைய பிறந்த புள்ளியும் சேர்ந்த புள்ளியும் வேறு என்பதால், அவ்விரண்டுக்கும் தனித்தனி இடம் விட்டு, தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத்தார் பிரிவுகளான ஒன்பது கோயில்களின் பெயர்களையும் உட்பிரிவுகளையும் கையால் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் அவற்றுள் ஒன்றான இளையாத்தங்குடி நான்கு எழுத்துக்கூட்டல்களில் நிற்கும்.

எழுத்தர் பார்க்கும் திரைக்கு லிப்ரெஆபீஸ் பேஸ் என்னும் இலவச மென்பொருள் போதுமானது. அதைப் போஸ்ட்கிரெஸோடு இணைத்தே பயன்படுத்துங்கள், அதன் உள்ளேயே தரவை வைத்துக்கொள்ளும் முறை ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். ரசீதை எழுத்தர் சேர்க்கலாம், அழிக்க முடியாது என்று அனுமதியைத் தரவுத்தளத்திலேயே பூட்டிவிடுங்கள். தவறான ரசீதுக்கு எதிர்ப்பதிவு போடுவது நம் கணக்கு முறைக்குப் புதிதன்று. செயலாளருக்காகத் தரவுத்தளத்தை இணையத்தில் திறந்து வைக்க வேண்டாம். விபிஎன் என்னும் பூட்டிய தனி இணைப்பின் வழியே மட்டும் அவர் உள்ளே வரட்டும். இரவுதோறும் தானாக எடுக்கப்படும் நகல் ஒன்று சென்னைக்கும் போகட்டும். அந்த நகலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். இவற்றையெல்லாம் ஏற்று நடத்த இருவராவது இல்லையென்றால், மாதக் கட்டணம் கட்டி வெளியில் பராமரிக்கப்படும் சேவையை எடுத்துக்கொள்வதே மேல்.

கேள்வி: உறுப்பினர் பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் ‘சின்னம்மை’ முன்னும் ‘சிவகாமி’ பின்னும் வருகிறார்கள். இது மென்பொருளின் குறையா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: மென்பொருளின் குறையன்று, அதில் வரிசையைத் தேர்ந்தெடுத்த அமைப்பின் (செட்டிங்) குறை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ‘ன’ என்னும் எழுத்து ‘ந’வுக்கு அடுத்த எண்ணைப் பெற்றிருக்கிறது, வெறும் எண் வரிசையில் அடுக்கினால் அது ‘வ’வுக்கு முன்னால் வந்துவிடும். நெடுங்கணக்கிலோ ‘ன’தான் கடைசி மெய். போஸ்ட்கிரெஸில் 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஐசியு என்னும் மென்பொருள் நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைப் பெயர்ப் பத்திக்குக் கொடுக்கலாம். 2022இல் வந்த 15ஆம் பதிப்பு முதல் தரவுத்தளம் முழுவதற்குமே அதைக் கொடுக்கலாம். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே அதை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே ஏற்றினால் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்; எந்த வரிசைமுறையும் உதவாது.

கேள்வி: ஆத்தங்குடியில் பூக்கல் (தரை டைல்) பட்டறை வைத்திருக்கிறேன். நானும் என் தம்பியும் மட்டுமே ஆர்டர்களை எழுதுகிறோம். எங்களுக்கும் தரவுத்தளம் வேண்டுமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: இப்போது வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் இருவரும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒரு கோப்பில் 1 கோடிக் கட்டங்கள் வரை இடம் உண்டு. ஒரு வரிக்கு ஓர் ஆர்டர் என்று வைத்து, டைலின் வடிவத்தையும் நிறத்தையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி வாருங்கள். பின்னாளில் இருப்புக் கணக்கும் கூலிக் கணக்கும் சேர்ந்து மூன்றாவது ஆள் எழுத வரும்போது, அந்தத் தாளை அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.