கடலுணவு யாகிசோபா வீட்டு அடுப்பில்: நீங்கள் கேட்டவை, நான் சொல்பவை

இறாலும் கணவாயும் போட்டு யாகிசோபா என்கிற ஜப்பான் பாணி நூடுல்ஸ் வறுவலைப் பற்றி இரண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான், நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி ஆட்களிடமிருந்து கேள்வியாக வந்து குவிந்துவிட்டது. கடல் இல்லாத ஜில்லாவில் கடலுணவுக்கு இத்தனை ஆசை! ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அளவு சொல்லும் இடத்திலெல்லாம் இரண்டு பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு: அக்கா, யாகிசோபாவும் நம்ம தள்ளுவண்டி நூடுல்ஸும் ஒண்ணுதானே? பேர்தான் வேற மாதிரி தெரியுது.

சொந்தக்காரர்கள் என்று சொல்லலாம், இரண்டுமே சீனச் சமையலிலிருந்து கிளைத்தவை. நூடுல்ஸும் இரண்டிலும் கோதுமை மாவுதான். தள்ளுவண்டியில் சோயாவும் மிளகாய் சாஸும் ஓங்கி நிற்கும், எண்ணெய் தாராளம். யாகிசோபாவில் காரம் கிடையாது. வூஸ்டர் சாஸை ஒட்டிய, கெட்டியான இனிப்புப் புளிப்புச் சாஸ்தான் அதன் ருசி. முட்டைக்கோஸ் நிறைய விழும். காரம் இல்லாமல் இறங்காது என்றால் கடைசியில் மிளகுத்தூள் தூவிக்கொள்ளுங்கள், யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

தர்மபுரி: அந்தச் சாஸ் இங்க எந்தக் கடையிலும் இல்ல. ஆன்லைன்ல விலையப் பார்த்தா மயக்கம் வருது. வேற வழி சொல்லுங்க.

வழி உங்கள் வீட்டுப் பானையிலேயே இருக்கிறது. வூஸ்டர் சாஸின் சேர்மானத்தைப் படித்துப் பாருங்கள்: வினிகர், கரும்புப் பாகு, வெங்காயம், பூண்டு, நெத்திலி மாதிரியான மீன், அதோடு புளி. ஆமாம், புளிதான். நம்ம இரண்டு ஜில்லாவிலும் சாலையோரம் முழுக்க உதிர்ந்து கிடக்கிற அதே சாமான். அதனால் கூச்சப்படாமல் வீட்டிலேயே கலக்குங்கள். சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, தக்காளி கெட்சப் ஒரு மேசைக்கரண்டி, கெட்டியாகக் கரைத்த புளி ஒரு டீஸ்பூன், பொடித்த வெல்லம் ஒரு டீஸ்பூன், வினிகர் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம், கிராம்புத்தூள் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. கிராம்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் புளிக்குழம்பு வாசம் எட்டிப் பார்க்கும். இன்னொரு விஷயம், புதுப்புளியைவிடப் பழம்புளி நல்லது, நிறமும் கறுப்பாக வரும், புளிப்பும் முரட்டுத்தனமாக இருக்காது. கலந்து நக்கிப் பார்த்தால் முதலில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, கடைசியில் உப்பு தெரிய வேண்டும். கெட்சப் வாங்கவில்லை, ராயக்கோட்டைத் தக்காளி மலிவாகக் கிடக்கிறது என்றால் இரண்டு தக்காளியைத் தண்ணீர் வற்ற வதக்கி அரைத்துச் சேருங்கள், வெல்லம் மட்டும் கொஞ்சம் கூடும்.

ஓசூர்: எந்த நூடுல்ஸ் வாங்கலாம்? மசாலா பாக்கெட்ல வர்றது சரிப்படுமா?

உடனடி நூடுல்ஸ் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்துக் காய வைத்தது. அவசரத்துக்குச் சரிப்படும், மசாலாப் பொட்டலத்தை மட்டும் தூக்கி வைத்துவிடுங்கள். அதைவிட ஹக்கா நூடுல்ஸ் என்று விற்கிறார்களே, அது நல்லது, 150 கிராம் போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே வடித்து, குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசிறித் தட்டில் பரப்பி ஆற விடுங்கள். அலசுவது எதற்கு என்றால், மேலே இருக்கும் கஞ்சி போகத்தான். அது இருந்தால் வாணலியில் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பகெட்டி மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் கொதிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு வேக வையுங்கள். ஜப்பானிலும் சீனாவிலும் இந்த வகை நூடுல்ஸ் மாவில் காரத்தன்மையுள்ள (மிளகாய்க் காரம் இல்லை, சோடா மாதிரி) உப்புகளைச் சேர்த்துத்தான் பிசைகிறார்கள், அந்த மஞ்சள் நிறமும் இழுவையும் அதிலிருந்துதான் வருகிறது. சோடா அந்த வேலையை ஓரளவு செய்துவிடும். பொங்கி அடுப்பை அணைத்துவிடும், பெரிய பாத்திரமாக வையுங்கள், வடித்தபின் நன்றாக அலசுங்கள்.

காவேரிப்பட்டணம்: நான் செஞ்சா எப்பவும் சொதசொதன்னு உப்புமா மாதிரி ஆயிடுது. இறாலும் ரப்பரா இருக்கு. எங்க தப்பு?

இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பின் தீ ஓட்டல் அடுப்புத் தீயில் பாதிகூட வராது. அந்தத் தீயில் நாலு பேருக்கு உண்டானதை ஒரே நேரத்தில் கொட்டினால் வாணலி குளிர்ந்துவிடும், இறாலும் முட்டைக்கோஸும் தண்ணீர் விடும், அப்புறம் நடப்பது வறுவல் இல்லை, வேக்காடு. அதனால் ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் போடாதீர்கள். வீட்டில் ஆறு பேர் என்றால் மூன்று தடவை. முதல் தட்டு ஆறினாலும் பரவாயில்லை, வந்தவர் வந்தவர் சாப்பிட்டுக்கொண்டே போகட்டும்.

வரிசை இதுதான். இறாலைக் கழுவித் துணியில் ஒற்றி ஈரமே இல்லாமல் எடுத்துவையுங்கள், 150 கிராம். உப்பு, மிளகு, ஒரு டீஸ்பூன் சோளமாவு பிசிறுங்கள். வாணலியைப் புகை கிளம்புகிற வரை காயவிட்டு எண்ணெய் ஊற்றி இறாலைப் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், கிளறாதீர்கள். அடிப்பக்கம் சிவந்ததும் புரட்டுங்கள். உடம்பு வளைந்து கொக்கி மாதிரி ஆகி, நடுவில் கண்ணாடி போலத் தெரிந்தது வெள்ளையாக மாறுகிற நேரம் தட்டில் எடுத்துவிடுங்கள். தலையும் வாலும் தொட்டு வட்டமாகச் சுருண்டால் நேரம் தாண்டிவிட்டது. எடுத்து வைத்ததை நூடுல்ஸ் எல்லாம் முடிந்தபின்தான் திரும்பப் போட வேண்டும்.

அதே வாணலியில் வெங்காயம், கேரட், கடைசியாக முட்டைக்கோஸ். கோஸைப் பொரியலுக்கு மாதிரிப் பொடியாக அரியாமல் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள், ஓசூர்ப் பக்கத்துக் கோஸ் இளசாக இருக்கும், ஒரு நிமிடம் போதும், கடித்தால் சத்தம் வர வேண்டும். அதையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நூடுல்ஸைப் போட்டு, இங்கேயும் அவசரப்படாமல் அரை நிமிடம் அழுத்திவிடுங்கள், அங்கங்கே மொறுமொறுவென்று பிடிக்கும். சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல் வாணலியின் சுவர் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். சுர்ரென்று கொதித்துக் கொஞ்சம் கருகிய மணம் கிளம்பும் பாருங்கள், கடை வாசலில் நின்றால் வருகிற மணம் அதுதான். இரண்டு புரட்டு, இறால் உள்ளே, அடுப்பு அணை.

பென்னாகரம்: எங்க வீட்ல பெரிய வாணலி இல்லைங்க. நான்ஸ்டிக் தவா ஒண்ணு, பழைய இரும்பு தோசைக்கல் ஒண்ணு இருக்கு.

தோசைக்கல்லை எடுங்கள். ஜப்பானில் திருவிழாக் கடைகளில் யாகிசோபா போடுவது தட்டையான இரும்புத் தகட்டில்தான், வாணலியில் இல்லை. உங்கள் கல் அதற்குத் தம்பி முறை. இரண்டு தோசைத் திருப்பி இருந்தால் கைக்கு ஒன்றாகப் பிடித்துப் புரட்டுங்கள். ஓரம் இல்லாததால் சிந்தும், அடுப்பைத் துடைக்கத் துணி தயாராக இருக்கட்டும். நான்ஸ்டிக்கை இவ்வளவு சூட்டில் வெறுமனே காயவிடக் கூடாது.

அரூர்: இங்க நல்ல இறால் எப்படிப் பார்த்து வாங்கறது? வண்டியில வர்றதுக்குள்ள பாதி செத்துடுது.

மூக்குதான் முதல் கருவி. கடல் வாசம் இருக்கலாம், அம்மோனியா மாதிரி நெடி அடித்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். தலை உடம்போடு இறுகப் பிடித்திருக்க வேண்டும், ஓடு வழுவழுவென்று நழுவக் கூடாது. தலை கறுத்துக் கழன்று தொங்கினால் நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கடல் மீன் வரத்து குறையும், விலை ஏறும், பழைய சரக்கும் புதுசு வேடத்தில் வரும். பண்ணையில் வளர்க்கும் வெனாமி இறாலுக்கு இந்தத் தடை கிடையாது, அப்போது அதையே கேட்டு வாங்குங்கள். உறைய வைத்த பாக்கெட்டும் கேவலம் இல்லை. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிற நமக்கு, ஐஸ் உருகி உருகி வந்த இறாலைவிட அது எவ்வளவோ மேல். முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருக விடுங்கள். மேலே பூசியிருக்கும் ஐஸும் எடையில் சேரும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

ஓசூர்: கணவாய் போட்டேன், செருப்பு மாதிரி இருந்தது.

கணவாய்க்கு இரண்டே நேரம்தான். ஒன்று, ஒரு நிமிடம். இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு மேல். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்தான். நூடுல்ஸுக்கு ஒரு நிமிடம். உள்பக்கம் குறுக்கும் நெடுக்கும் மேலாகக் கீறிவிட்டு நறுக்கினால் சீக்கிரம் வேகும், சாஸும் பிடிக்கும்.

கிருஷ்ணகிரி: கேஆர்பி டேம் மீனை வச்சு செய்யலாமா? கடல் மீனுக்குத்தான் போகணுமா?

செய்யலாம், மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்லா, ரோகு வேண்டாம். சதைக்குள்ளேயே மெல்லிய கவட்டு முள் ஓடும், நூடுல்ஸோடு கலந்துவிட்டால் எது முள் எது நூடுல்ஸ் என்று தேட முடியாது. ஜிலேபி மீன் நல்லது, நடுமுள்ளையும் விலா முள்ளையும் எடுத்துவிட்டால் சதைக்குள் வேறு முள் இல்லை. கடைக்காரரிடம் தோலை உரித்து இரண்டு பக்கச் சதையை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு அங்குலத் துண்டாக்கி, சோளமாவு பிசிறி, தனியாகப் பொரித்து, கடைசியில் மேலே வையுங்கள், கிளறினால் உடைந்துவிடும். மண்வாசம் வந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் பிசிறிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் பெருமளவு போய்விடும்.

போச்சம்பள்ளி: மேல ஏதோ மரச்சீவல் மாதிரி தூவி இருக்காங்களே, அது என்ன? நம்ம ஊர்ல என்ன போடலாம்?

அது காட்சுவோபுஷி. சூரை இன மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போல் காயவைத்துச் சீவியது. மாலத்தீவிலிருந்து வருகிற மாசிக்கருவாடும் ஏறக்குறைய இதே செய்முறைதான், தூத்துக்குடிப் பக்கம் சொந்தம் இருந்தால் வாங்கி வரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கி, தலையைக் கிள்ளி, மண் போக அலசிக் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துத் தூவுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஃபூஜி மலை அடிவாரத்தில் ஃபூஜினோமியா என்று ஓர் ஊர், அங்கே யாகிசோபாவுக்கு மத்தி மீன் பொடிதான் தூவுகிறார்கள். பொடியிலேயே உப்பு இருக்கும், சாஸில் சோயாவைக் குறையுங்கள்.

பக்கத்தில் சிவப்பாக இருப்பது இஞ்சி ஊறுகாய். இஞ்சியை மெல்லிய குச்சியாக நறுக்கி உப்பு, வினிகர், ஒரு துண்டு பீட்ரூட் போட்டு ஒரு நாள் வைத்தால் ஆயிற்று.

தர்மபுரி: அஜினமோட்டோ போடணுமா? எங்க அப்பாவுக்கு பிபி வேற இருக்கு.

தேவையில்லை. அந்தச் சுவையை ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் ‘கொம்பு’ என்கிற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார், ஆனால் சோயாவிலும் தக்காளியிலும் அது இயல்பாகவே இருக்கிறது, போதும். அப்பாவுக்குக் கவனிக்க வேண்டியது சோயாவைத்தான், ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். அவர் பங்குக்குச் சோயாவைப் பாதியாக்கிப் புளியையும் மிளகையும் கூட்டுங்கள், வேறு உப்பு வேண்டாம், கருவாட்டுப் பொடியும் வேண்டாம்.

மாரண்டஹள்ளி: இறால் சாப்பிட்டுட்டு மோர் குடிச்சா வெண்புள்ளி வரும்னு எங்க மாமியார் விடமாட்டேங்கறாங்க.

வராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலுக்கு நிறம் தரும் செல்களையே தாக்குவதால் வருவது வெண்புள்ளி, மோருக்கும் மீனுக்கும் அதில் பங்கில்லை. ஆனாலும் மாமியாரோடு சண்டை போடுகிற அளவுக்கு இது பெரிய விஷயமா என்று பாருங்கள், மோரை ராத்திரிக்குத் தள்ளி வைத்தால் போயிற்று. இறால் சாப்பிட்டதும் உதடு வீங்குகிறது, உடம்பு தடிக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அது வேறு, அது ஒவ்வாமை. இறாலையும் நண்டையும் அடியோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், மூச்சு இழுத்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஊத்தங்கரை: கேழ்வரகு சேமியாவில் செய்யலாமா அக்கா?

கேழ்வரகில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது, புரட்டப் புரட்ட நொறுங்கும். ஆசையாக இருந்தால் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு, காய், இறால், சாஸ் எல்லாம் முடிந்து அடுப்பை அணைத்தபின் மேலே கொட்டி லேசாகக் கலந்துகொள்ளுங்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் யாகிசோபா என்று சொல்லிப் பரிமாறாதீர்கள்.

பர்கூர்: காலையில செஞ்சு பிள்ளைக்கு டிபன் பாக்ஸ்ல கொடுத்து விடலாமா?

இறால், கணவாய் போட்டது வேண்டாம். சூடாக மூடி வைத்து, நம்ம ஊர் வெயிலில் மத்தியானம் வரை பையில் கிடந்தால் கெட வாய்ப்பு உண்டு. டிபன் பாக்ஸுக்கு முட்டையும் கோஸும் போட்டுச் செய்யுங்கள், ஆறவிட்டு மூடுங்கள். இறாலை ராத்திரி வீட்டில் இருக்கும்போது கல்லிலிருந்து நேராகத் தட்டில் போடுங்கள்.