நெஞ்சு நோய் மருத்துவர் பதில்கள்: புற்றுநோய் மாத்திரையே மூச்சை முட்ட வைக்குமா?

கேள்வி: அத்தைக்கு நுரையீரல் புற்றுநோய். மரபணு டெஸ்ட் பார்த்து, தினம் ஒரு ஒசிமெர்டினிப் 80 மில்லிகிராம் மாத்திரை கொடுக்கிறார்கள். இது மூன்றாவது மாதம். நன்றாகத் தேறி, களத்து வேலைகூடப் பார்த்தார். இப்போது சில நாட்களாக வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. சிலர் டிபி என்கிறார்கள், சிலர் நோய் திரும்பிவிட்டது என்கிறார்கள். செக்-அப் அடுத்த மாதம்தான். அதுவரை இருமல் டானிக் கொடுக்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே போனில் பேசி, அத்தையை மதுரைக்குக் கூட்டி வரச் சொல்லிவிட்டேன். இதே மாத்திரை சாப்பிடும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

டிபியாகவும் இருக்கலாம், நோய் பரவியதாகவும் இருக்கலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் நினைப்பதில்லை. அந்த மாத்திரையே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கலாம். நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் வரும். ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதே வகையைச் சேர்ந்த ஜெஃபிடினிப் 2002-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே இப்படிப் பலர் இறந்துபோக, அங்கே அவசர எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

இந்த மாத்திரையால் முகத்தில் பரு வரும், நக ஓரம் புண்ணாகும், வயிற்றுப்போக்கும் வரும். அதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. அந்தப் பழக்கத்தில் இருமலையும் "மாத்திரைச் சூடு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆடாதோடைக் கஷாயத்திலேயே நாள் போய்விடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடக்கும், எடுங்கள். மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டிப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டும், நிம்மதியாகிவிடுவோம். அப்புறம் வாசலில் மெதுவாக ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள். 92, 91 என்று இறங்கினால் நுரையீரல் திணறுகிறது என்று அர்த்தம். நடக்கும் முன்பே 94-க்குக் கீழே இருந்தாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ நடக்கவிட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். எண் நன்றாக இருந்தாலும் இருமலும் மூச்சு வாங்கலும் புதிதாக வந்தவை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாத்திரையை என்ன செய்வது? புற்றுநோய் டாக்டருக்கு அன்றே போன் போடுங்கள். பெரும்பாலும் நிறுத்தி வைக்கச் சொல்வார். நாலு நாள் நிறுத்தினால் நோய் பெருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். உடம்பில் அதன் அளவு பாதியாகவே ஏறக்குறைய 2 நாள் ஆகும்.

சிடி ஸ்கேனும் சளி டெஸ்டும் எடுப்பார்கள். மாத்திரைதான் காரணம் என்று உறுதியானால் ஸ்டீராய்டு கொடுப்போம். நேரத்தோடு வந்தவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அதன்பின் பொதுவாக அதே மாத்திரையைத் திரும்பத் தருவதில்லை, வேறு சிகிச்சைக்கு மாற்றுவார்கள். மெடிக்கலில் கேட்டு நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே டிபி இருந்தால் அது மறைந்துகொண்டு முற்றிவிடும்.

போகும்போது பழைய சிடி படங்களையும் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதிதாக வந்தது எது என்று தெரியும்.