பென்ஷன்காரர் சொல்லும் விலை

ஐயா, வணக்கம்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. உங்களைப் போலவே எனக்கும் மரம் செதுக்கும் பைத்தியம் உண்டு. உள்ளூர் ஆசாரி ஒருவரிடம் உட்கார்ந்து உளி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இதுவரை சொந்தக்காரர்களுக்குப் பெயர்ப் பலகை, பிள்ளையார், அன்னம் என்று சும்மாவே செய்து கொடுத்துவந்தேன். இப்போது எங்கள் தெருவில் வீடு கட்டும் ஒருவர் பூஜை அறைக் கதவு கேட்கிறார். இரட்டைக் கதவு, எட்டுக் கட்டம், எட்டு லட்சுமி. தையில் கிரகப்பிரவேசம். எனக்குப் பென்ஷன் வருகிறது, காசு பெரிதில்லை. மரச் செலவும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் வந்தால் போதும். வீட்டில், “நிம்மதியாக இருக்கிறதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்” என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? எவ்வளவு கேட்கலாம்? தேக்குதான் போட வேண்டுமா? கடைசியாகச் செய்த அன்ன ஜோடியின் படத்தை இணைத்திருக்கிறேன்.

(பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

“காசு பெரிதில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்று மூன்றாவது வருடம். தெரிந்தவர் ஒருவர் புதுவீட்டு வாசலுக்கு கஜலட்சுமி கேட்டார். செட்டிநாட்டு வீடுகளில் நிலைக்கு மேலே சூரியப்பலகை என்று ஒன்று இருக்குமே, அதன் சின்ன வடிவம். இரண்டடி நீளம், ஓரடி உயரம், இரண்டு அங்குலக் கனம். கணக்குப் போட்டால் கன அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கடையில் அப்படி நறுக்கித் தரமாட்டார்கள், வெடிப்பும் கணுவும் போக அரைக் கன அடி வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்குத் தேக்கு 2,000 ரூபாய் ஆயிற்று. ஒரு மாதம், தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்து முடித்தேன். எவ்வளவு என்று கேட்டார். 3,000 போதும் என்றேன். சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. பெரிய மனுஷத்தனம்!

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை டிவிஎஸ் ஐம்பதில் ஒருவர் வந்து இறங்கினார். பக்கத்து ஊர் ஆசாரி. பரம்பரையாக உளி பிடிக்கிற குடும்பம். நான் செய்த கஜலட்சுமியைப் பார்த்த இன்னொரு வீட்டுக்காரர் அதே மாதிரி ஒன்று இவரிடம் கேட்டிருக்கிறார். இவர் 11,000 சொல்லியிருக்கிறார். “அந்த சார் மூவாயிரத்துக்குச் செய்கிறார், நீ என்ன இப்படிக் கேட்கிறாய்?” என்று பதில் வந்திருக்கிறது. சண்டை போட வரவில்லை அவர். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், என் உளிகளை எடுத்து விரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“சாருக்குப் பென்ஷன் எவ்வளவு வரும்?”

நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

என் மூவாயிரத்தில் மரம் போக மிச்சம் ஆயிரம். நூற்றிருபது மணி நேர வேலைக்கு ஆயிரம் ரூபாய். அந்தக் கூலியை எனக்குக் கட்டுப்படி ஆக்கியது மாதா மாதம் வங்கியில் விழும் பென்ஷன். அது அவருக்குக் கிடையாது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இலும் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊரின் பொருள் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஊர்ச் சிற்பி ஒருவர் சொல்லும் விலைக்குப் பக்கத்திலேயே ஒரு ஓய்வூதியக்காரர் பாதி விலை சொன்னால் குறியீட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில். இதே வேலையை உங்கள் பக்கத்தில் பிழைப்பாகச் செய்கிறவர் எத்தனை நாளில் முடிப்பார் என்று விசாரியுங்கள். அத்தனை நாளுக்கு உங்கள் ஊர்த் தச்சு நாட்கூலி, அதற்கு மேல் மரம், பாலிஷ். அதற்கு ஒரு ரூபாய் குறைத்தும் கேட்காதீர்கள். நான் ஒரு மாதம் எடுத்ததை அந்த ஆசாரி ஏழு நாளில் முடிப்பார். அந்த ஏழு நாள் கூலிதான் எனக்கும். மீதி நாட்கள் என் ஆசைக்கு நான் கொடுத்த விலை, அதை வீட்டுக்காரர் தலையில் கட்ட முடியாது. சும்மா கொடுக்க ஆசை என்றால் முழுக்கச் சும்மா கொடுத்துவிடுங்கள். பேரனுக்கு, தங்கைக்கு, கோயிலுக்கு. அன்பளிப்பைக் காட்டி யாரும் ஆசாரியிடம் பேரம் பேசுவதில்லை. பேரம் பேச வைப்பது இந்த அரை விலைதான்.

சரி, கதவுக்கு வருவோம். ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் ஆவணியில் எழுதுகிறீர்கள், அவர்களுக்குத் தையில் முகூர்த்தம். ஓரடி உயரத்தில் உட்கார்ந்த லட்சுமி ஒன்றுக்கு எனக்குப் பதினான்கு நாள் பிடிக்கிறது. எட்டுக்கு 112 நாள். நடுவில் காய்ச்சல் வரக்கூடாது, கல்யாணம் வரக்கூடாது, தீபாவளிக்கு யாரும் வரக்கூடாது. பத்திரிகை அடித்தாகிவிட்டால் முகூர்த்தம் உங்களுக்காக நகராது. பொழுதுபோக்காக இருந்ததை ராத்திரி பதினோரு மணிக்கு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, லட்சுமியைத் திட்டிக்கொண்டே செதுக்குவீர்கள். உங்கள் வீட்டில் சொல்வது இதைத்தான். அவர்கள் பக்கம்தான் என் ஓட்டு.

இன்னொன்று, கதவு செய்வதும் சிற்பம் செதுக்குவதும் வேறு வேறு வேலை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கி அகலும், கோடையில் சுருங்கும். அதனால் சிற்பப் பலகையைச் சட்டத்தின் காடியில், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில், பசை போடாமல், நகர இடம் விட்டு நிறுத்த வேண்டும். ஒட்டிவிட்டால் ஒரு சித்திரைக்குள் பலகை நடுவில் பிளக்கும், லட்சுமியின் மூக்கு வழியாகவே பிளக்கும். அந்த வேலை தெரிந்தவர் ஆசாரி. கதவை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நிலைக்கு மேலே ஒரே ஒரு பலகை மட்டும் நான் செய்து தருகிறேன் என்று நீங்கள் சொல்லுங்கள். அதையும் “தைக்குள் முடிந்தால் தைக்கு, இல்லையென்றால் முடியும்போது” என்று தாளில் எழுதி, படம் வரைந்து காட்டி, மரத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வாய்ப்பேச்சில் ‘சின்ன மயில்’ என்பார்கள். மனதில் இருப்பது தோகை விரித்த மயிலாக இருக்கும்.

இத்தனையும் சொல்லியும் எட்டையும் செய்யத்தான் போகிறேன் என்றால் ஒரு தந்திரம் சொல்கிறேன். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். எட்டுப் பலகையிலும் ஒரே சமயத்தில் தரையை, அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள மரத்தை, இறக்குங்கள், பிறகு எட்டிலும் உடம்பு, பிறகு எட்டிலும் கை, கடைசியில் முகம். இல்லாவிட்டால் எட்டாவது லட்சுமி முதல் லட்சுமியைவிட அழகாக இருப்பாள். நம்மைப் போன்றவர்களுக்குக் கை அப்படித்தான், வேலை நடக்கும்போதே தேறிக்கொண்டிருக்கும். முகம் ஓர் அங்குலம்தான் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும்.

மரம். கதவுக்குத் தேக்குதான். கறையான் எளிதில் தொடாது, அதிகம் வளையாது. ஆனால் தேக்கில் மணல்சத்து உண்டு, உளியின் கூரை அது தின்னும். காலையில் தீட்டிய உளி மத்தியானத்துக்குள் மழுங்குவது உங்கள் தவறில்லை. வீட்டுக்குள் வெயில் மழை படாத பலகை என்றால் குமிழ் போதும், உளிக்கு இணக்கமான மரம். அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு என்று பலதிலும் செதுக்குகிறார்கள், தேர் செய்கிறவர்களுக்கு இலுப்பை. தேக்கு இல்லாவிட்டால் சிற்பமே இல்லை என்ற எண்ணம் வீட்டுக்காரர்களுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். “நல்லா காஞ்ச மரம் சார்” என்ற கடைக்காரரின் வார்த்தையை நம்பி நான் செய்த பெயர்ப் பலகை ஒன்று பங்குனியில் ‘இல்லம்’ என்பதை இரண்டாகப் பிளந்தது. இப்போது பலகையை வாங்கி வந்ததும் எடை போட்டு, எடையையும் தேதியையும் அதன் முதுகிலேயே பென்சிலால் எழுதிவிடுகிறேன். வாரம் ஒரு முறை மறுபடி எடை. குறைந்துகொண்டே வந்த எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால் உளி வைக்கலாம். பழைய வீடு இடித்த தேக்கு இந்தத் தொல்லை இல்லாதது, அருமையான மரம். ஆனால் உள்ளே முறிந்த ஆணி இருக்கும். காந்தத்தை ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் தொடாதீர்கள். எனக்கு ஒரு நல்ல உளி அப்படித்தான் போயிற்று.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் தெருக்காரர் நாளைக்கே, “கடையில் மெஷினில் ஒரே நாளில் வெட்டித் தருகிறார்களே” என்று சொல்லலாம். சொல்லட்டும். கதவுக் கடைகளில் ஓடும் சாதாரண சி.என்.சி. இயந்திரத்தின், அதாவது கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்தின், முனை மேலிருந்து கீழே இறங்குவது. தாமரைத் தண்டுக்கு அடியிலோ யானையின் காதுக்குப் பின்னாலோ அது நுழையாது. உள்மூலைகள் முனையின் உருண்டை அளவுக்கு மழுங்கியே இருக்கும். கைவேலை என்று காசு வாங்கினால் அந்த இடங்களைக் குடைந்து கொடுங்கள். தண்டுக்கு அடியில் நிழல் விழ வேண்டும். மேலோட்டமாகச் செதுக்கிவிட்டுக் கைவேலை என்றால் அந்த மெஷினோடு போட்டி போடுகிறீர்கள், தோற்பீர்கள்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் போடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் எப்போதோ சேர்த்துவிட்டது. ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும், தீக்குச்சி தேவையில்லை. விரித்துக் கொடியில் காயப் போடுங்கள்.

அந்த ஆசாரியும் நானும் இப்போது ஓர் ஏற்பாட்டில் இருக்கிறோம். என்னிடம் வரும் கதவு, ஊஞ்சல், நிலை எல்லாம் அவருக்குப் போகும். பழைய வீட்டுச் சிற்பத்தில் உடைந்த கிளி மூக்கு, காணாமல் போன இதழ் என்று நேரத்தைத் தின்று காசு தராத வேலை எல்லாம் எனக்கு வரும். அவருக்கு அது கட்டாது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

உங்கள் அன்ன ஜோடியை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது அன்னம் அருமை, கழுத்தின் வளைவு ஒரே இழுப்பில் வந்திருக்கிறது. வலது அன்னத்தின் கழுத்தில் மட்டும் மரம் பிசிறியிருக்கிறது, இல்லையா? பலகையைத் திருப்பாமல் அதே பக்கம் உட்கார்ந்து, மரத்தின் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) எதிராக உளியை ஓட்டியிருக்கிறீர்கள். பிசிறை உப்புத்தாள் போட்டு மறைக்கவும் பார்த்திருக்கிறீர்கள். உப்புத்தாளின் துகள் மரத்தில் தங்கியிருக்கும், இனி அங்கே உளி வைத்தால் கூர் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகத் தட்டி, பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, தீட்டிய உளியால் கழுத்தின் மேலிருந்து மார்பு வரை மெல்லிசாக ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் இன்னொரு படம் அனுப்புங்கள்.