அலுவலகக் கட்டடத்தின் தீ பாதுகாப்பு ஆய்வில் செக்லிஸ்ட்டுக்கு டிக் போட்டால் போதுமா?

போதாது. ஐந்து மாடிக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று திடீரெனச் சொல்லி, கையில் ஒரு படிவத்தைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் படிவத்தில் டிக் போடும் கட்டங்களை அடித்துவிட்டு, அளவு எழுத இடம் விடுங்கள். "ஹைட்ரன்ட் (தீயணைக்க ஹோஸ் மாட்டும் தண்ணீர்க் குழாய் வாய்) சரி" என்பதை வைத்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. "மொட்டை மாடி ஹைட்ரன்ட், தண்ணீர் ஓடும்போது 2.1 பார்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்பது தானாகத் தெரியும். என்.பி.சி. 2016 (தேசியக் கட்டட விதித்தொகுப்பு) கேட்பது பம்பிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இடத்தில் 3.5 பார் அழுத்தம்.

"தண்ணீர் ஓடும்போது" என்பதுதான் இங்கே முக்கியம். வால்வை மூடி வைத்துக்கொண்டு கேஜைப் பார்த்தால் பாதி அடைத்த குழாய்கூட நல்ல அழுத்தம் காட்டும். ஹோஸை மாட்டி, அதன் முனையிலுள்ள பிரான்ச் பைப்பில் தண்ணீர் விட்டு அளக்க வேண்டும். அப்போது முதலில், குழாயில் அழுத்தம் குறையாமல் காக்கும் சின்னப் பம்பான ஜாக்கி பம்ப் ஓடும். அழுத்தம் மேலும் இறங்கினால் மெயின் பம்ப் தானாக ஸ்டார்ட் ஆக வேண்டும். எந்த அழுத்தத்தில் எது ஸ்டார்ட் ஆனது என்று குறியுங்கள். மெயின் பம்ப் கையால் நிறுத்தினால்தான் நிற்க வேண்டும். பிறகு மின்சாரப் பம்பை அணைத்துவிட்டு டீசல் பம்பும் அதேபோல் எழுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பேட்டரிதான் காலை வாரும். யாரும் தண்ணீர் எடுக்காமலே ஜாக்கி சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால், நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு) கசிகிறது, அல்லது மண்ணுக்கடியில் குழாய் கசிகிறது.

தீயணைப்பான்களில் கேஜ் முள் பச்சையில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே தீயை அணைக்கும் ஏபிசி பவுடர் கட்டிப்போயிருந்தாலும் முள் பச்சையில்தான் நிற்கும். தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், பவுடர் நகர்வது கைக்குத் தெரிய வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் கேஜே கிடையாது, எடைதான் சாட்சி. 4.5 கிலோ வாயுவில் 10 சதவீதம், அதாவது 450 கிராம் குறைந்தாலே ரீஃபில் செய்ய வேண்டும். தராசே கொண்டு வராமல் புது டேக் மட்டும் மாட்டிவிட்டுப் போகும் ஒப்பந்ததாரருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்பிரிங்க்ளர் தலையில் பெயின்ட் பட்டிருந்தால் சுரண்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்மோக் டிடெக்டரில் பெயின்டர் மாட்டிய பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படிக்கட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனது ஓலைக் கூரையும் குறுகலான படியும் இருந்த பள்ளியில். மாடியில் கொட்டகை போட்டு கேன்டீன் நடத்தும் அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன. "படியில் இடைஞ்சல்" என்று எழுதாமல், "3ஆம் மாடி, கிழக்குப் படி, 1500 மி.மீ. அகலத்தில் 600 மி.மீ.யைப் பிரின்டர் பெட்டிகள் அடைத்துள்ளன" என்று எழுதுங்கள். கூடவே அந்த இடம் அடையாளம் தெரியும்படி ஒரு படம், யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். சரிசெய்த பின் அதே கோணத்தில் இன்னொரு படம். நீங்கள் நிற்கும்போதே எடுத்துவிட்டார்கள் என்றாலும் பதிவை நீக்காதீர்கள். "உடனே அகற்றப்பட்டது" என்று சேருங்கள். அடுத்த முறையும் அங்கேயே பெட்டி இருந்தால் அது வழக்கம் என்று தெரியவரும். சாவி கிடைக்காத அறைக்கு "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள்.

சின்னக் கட்டடத்துக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பம்ப் இல்லாத கட்டடத்தில் பம்ப் பகுதியை விட்டுவிடலாம், படிக்கட்டை விட முடியாது.

கேள்விக்கு வெளியே ஒன்று. பல அறிக்கைகளில் "பொறுப்பு" என்ற இடத்தில் செக்யூரிட்டி அண்ணன் பெயர் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் நிற்கும் அவருக்கு ஒருமுறைகூட ஹோஸ் பிடிக்கப் பயிற்சி தராமல், பூட்டிய மாடிக் கதவுக்கு அவரைப் பொறுப்பாக்குவது அநியாயம். பூட்டச் சொன்னவர் பெயரை எழுதுங்கள்.

சோதனைக்காக பம்ப் பேனலை மேனுவலுக்குத் திருப்பியிருப்பீர்கள். அதைத் திரும்ப ஆட்டோவில் வைத்து, சுவிட்ச் தெரியும்படி எடுத்த படமே அறிக்கையின் கடைசிப் படமாக இருக்கட்டும்.